உயிருடன் பிறத்தல்: கருக்கலைப்பின்போது பிறக்கும் மகவும் இந்தியச் சட்ட மொழியும்

தொல்காப்பியக் கிளவியாக்கத்தை முதுகலை வகுப்பில் நடத்தும்போது ஓரிடத்தில் மாணவர் தயங்கி நிற்பது ஆண்டுதோறும் காணும் நிகழ்ச்சியாகும். பொருளால் உயர்திணையைச் சார்ந்தனவாயினும் அஃறிணை முடிபு கொண்டு நடக்கும் சொற்களைத் தொகுத்துரைக்கும் நூற்பாவில் ஆசிரியர் மகவு, குழவி ஆகிய இரண்டையும் வைக்கிறார். இன்றும் ‘குழந்தை அழுதது’ என்றே எழுதுகிறோம்; ‘அழுதான்’, ‘அழுதாள்’ என்பது மகன், மகள் என்னும் சொற்கள் வந்த பின்னரே அமைகிறது. மக்கட்டன்மை உண்டு என்பதில் ஐயமில்லை, ஆனால் வினைமுற்று அதனை ஏற்பதில்லை. இந்த இடைநிலை இலக்கணத்தில் ஒரு நயமாக நின்றுவிடலாம். நீதிமன்றத்தில் அவ்வாறு நிற்க இயலாது. அங்கே ஒரு பச்சிளம் உடல் ‘ஆள்’ எனப்படுமா, ‘பொருள்’ எனப்படுமா என்பதைப் பொறுத்தே மருத்துவர் அதனைத் தீவிர சிகிச்சைப் பிரிவிற்கு எடுத்துச் செல்வதும் செல்லாததும் அமைகின்றன.

கருக்கலைப்பு முயற்சியின்போது உயிருடன் பிறந்துவிடும் மகவிற்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு யாது என்னும் வினா இந்தியாவில் எவ்வாறு உருவாயிற்று, எவ்வெச் சொற்களின் வழியாக அது பேசப்பட்டது அல்லது பேசப்படாது விடப்பட்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகிறது. தமிழ் பயின்ற ஒருவர் சட்டத்திற்குள் நுழைவது துணிச்சல் என்று கருதப்படலாம். ஆயினும் சட்டமும் ஒரு பனுவலே. அதன் சொல்லாட்சியை உரையாசிரியர் கண்கொண்டு நோக்கும்போது வழக்கறிஞர் கண்ணுக்குப் பழகிப்போன சில வெளிகள் புலப்படுகின்றன.

மெக்காலேயின் தொகுப்பும் அதன் முன்னோடிகளும்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவு மெக்காலே தலைமையிலான முதலாம் சட்ட ஆணையத்தால் 1837இல் அளிக்கப்பட்டது. 1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 312 முதல் 318 வரையிலான பிரிவுகள் கருச்சிதைவு, பிறவாக் குழந்தைக்கு ஊறு, குழந்தையைக் கைவிடல், பிறப்பை மறைத்தல் ஆகியவற்றை ஒரே வரிசையில் பேசுகின்றன. இவ்வரிசையே கவனத்திற்குரியது. கருவில் தொடங்கிப் பிணத்தில் முடியும் ஒரு பாதை அது. அப்பாதை முழுவதிலும் சட்டத்தின் பார்வை பெரும்பாலும் பெண் ஒருத்தியின் மீதே பதிந்துள்ளது. 312ஆம் பிரிவு கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளியாக்கியது. தண்டனை மூன்றாண்டு வரை. கரு அசையத் தொடங்கிய பின்னராயின் ஏழாண்டு வரை.

ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் ‘உயிருடன் பிறத்தல்’ என்பது பழைய கோட்பாடு. எட்வர்டு கோக்கின் நூல், அவர் மறைவிற்குப் பின் 1644இல் வெளிவந்த மூன்றாம் பகுதியில், கருப்பையில் இறக்கும் கருவின் சாவு பெருங்குற்றமே ஆயினும் கொலையன்று எனவும், உயிருடன் பிறந்து அந்த ஊறினால் பின்னர் இறந்தால் கொலை எனவும் வரையறுத்தது. இக்கோட்பாட்டில் மெய்யியல் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அக்கால மருத்துவத்தால் கரு எப்போது இறந்தது, எதனால் இறந்தது என்பதை நிறுவ முடியவில்லை. எனவே பிறப்பு ஒரு சான்று எல்லையாகக் கொள்ளப்பட்டது என்பதே வரலாற்றாசிரியர் பலரின் விளக்கம். பிறப்பிற்குப் பின்னரும் சான்று எளிதாக இருக்கவில்லை. இறந்த சிசுவின் நுரையீரலை நீரிலிட்டு, மிதந்தால் மூச்சு விட்டது எனவும் அமிழ்ந்தால் செத்துப் பிறந்தது எனவும் கொள்ளும் சோதனை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 1920இல் முதற்பதிப்புக் கண்ட மோடியின் மருத்துவ நீதியியல் நூலின் வழியாக இந்திய மருத்துவ மாணவரும் அதனைக் கற்றனர். அழுகத் தொடங்கிய நுரையீரலும் மிதக்கும் என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. ஒரு பெண்ணின் உயிர் அந்த நீர்க்கலத்தில் மிதந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மெக்காலே குழுவினரின் தொகுப்பு ஆங்கில விதியை அப்படியே பெயர்த்துக்கொள்ளவில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. ஆங்கிலச் சட்டத்தில் மகவின் உடல் முழுமையாகத் தாயினின்று வெளிவந்த பின்னரே அது கொலைக்கு உரிய ‘ஆள்’ ஆகும். 299ஆம் பிரிவின் மூன்றாம் விளக்கமோ, கருப்பையிலுள்ள குழந்தையின் சாவை விளைவித்தல் மனிதக் கொலை ஆகாது என்று தொடங்கி, உடனே ஒரு ‘ஆனால்’ இட்டு, அதன் எந்த உறுப்பேனும் வெளிப்பட்டிருப்பின், அது மூச்சு விடாதிருப்பினும் முழுமையாகப் பிறவாதிருப்பினும், உயிருள்ள அக்குழந்தையின் சாவை விளைவித்தல் மனிதக் கொலைக் குற்றமாகலாம் என்கிறது. பிறப்பு என்பது ஒரு கணமன்று, ஒரு நிகழ்வோட்டம் என்பதை இவ்விளக்கம் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்து இவ்விடைவெளியை அடைக்க 1929இல் தனிச்சட்டம் இயற்றி, 28 வாரக் கருவை உயிருடன் பிறக்கத்தக்கதாக முதற்சான்றளவில் கொள்ளலாம் என்று வகுத்தது. இந்தியத் தொகுப்பு அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்னரே அங்குச் சென்று சேர்ந்திருந்தது.

315ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. குழந்தை உயிருடன் பிறப்பதைத் தடுக்கும் கருத்துடனோ, பிறந்தபின் அது இறக்கும்படிச் செய்யும் கருத்துடனோ, பிறப்பதற்கு முன் செய்யப்படும் செயலை அது தண்டிக்கிறது. பத்தாண்டு வரை சிறை. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணம் ஒன்றே விலக்கு. ‘பிறப்பதற்கு முன் செய்யப்படும் செயல்’ என்னும் வரையறையை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கே திரும்ப வேண்டியிருக்கும்.

விதவையின் மகவு

இப்பிரிவுகள் நடைமுறையில் யார்மீது பாய்ந்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேற்கிந்தியாவில் விடை வெளிப்படையானது. மறுமணம் மறுக்கப்பட்ட இளம் விதவையர் கருவுற்றால் அவர்கள்முன் இருந்த வழிகள் கருச்சிதைவு, சிசுக்கொலை, தற்கொலை என்பனவே. சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் 1863இல் புணேயில் தம் இல்லத்தில் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினர். விதவையர் அங்கு வந்து பிள்ளை பெற்றுச் செல்லலாம். பிள்ளையை விட்டுச் செல்லவும் செய்யலாம். அவ்வாறு விதவை ஒருவருக்குப் பிறந்த யசுவந்தைப் பூலே இணையர் தம் மகனாக ஏற்று வளர்த்தனர். சட்டம் தண்டனையால் செய்ய முயன்றதை ஒரு வீடு தன் கதவைத் திறந்து வைத்ததன் மூலம் செய்தது.

1881இல் சூரத்தில் விசயலட்சுமி என்னும் பிராமண இளம் விதவை தம் சிசுவைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டார்; மேல்முறையீட்டில் அத்தண்டனை குறைக்கப்பட்டது. அதனையொட்டிப் பத்திரிகைகளில் எழுந்த பெண் ஒழுக்கம் பற்றிய கூச்சலுக்கு விடையாகவே தாராபாய் சிந்தே 1882இல் மராத்தியில் ‘ஸ்திரீ புருஷ துலனா’ என்னும் நூலை எழுதினார். அந்நூல் சிசுக்கொலையை நியாயப்படுத்தவில்லை. அக்கொலைக்கு வேறு எவரெவர் பொறுப்பு என்று கேட்டது. இவ்வினாவை ஒதுக்கிவிட்டு மகவின் உரிமையை மட்டும் பேசும் எந்த அறவாதமும் பாதி வாதமே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1870ஆம் ஆண்டின் பெண் சிசுக்கொலைத் தடுப்புச் சட்டம் வேறு வகைப்பட்டது. அது குலங்களைக் கண்காணிக்க வந்தது. இங்கு அதனைக் குறிப்பிட்டு நகர்வதே போதும்.

இரண்டாண்டு இடைவெளியில் இரு சட்டங்கள்

1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் சா குழு 1966இல் அறிக்கை அளித்தது. பாதுகாப்பற்ற முறைகளால் பெண்கள் இறப்பதைத் தடுப்பதே அதன் முதன்மை நோக்கு. அதன் விளைவாக மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரு மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருத்துக் கூறினால் கருவைக் கலைக்கலாம். பெண்ணின் உயிரைக் காக்க உடனடித் தேவை எனில் காலவரையறை இல்லை.

இச்சட்டத்தின் சொல்லாட்சியை நோக்குக. தண்டனைச் சட்டத்தில் ‘குழந்தை’, ‘பிறவாக் குழந்தை’ என்றிருந்தது இங்குக் ‘கருத்தரிப்பு’ ஆகிவிடுகிறது. முடிவுறுத்தப்படுவது ஒரு நிலை. ஓர் உயிர் என்ற பேச்சில்லை. கருவிலுள்ளதைக் குறிக்கக் ‘குழந்தை’ என்னும் சொல் வருமிடமும் ஒரு நிபந்தனைத் தொடரே: குழந்தை பிறக்குமானால் கடும் உடல், மனக் குறைகளால் துன்புறும் என்னும் இடர்ப்பாடு இருப்பின் என்பது அதன் பொருள். பிறந்தால்தான் குழந்தை, பிறவாமை உறுதி என்னும் நம்பிக்கையில் அந்தத் தொடர் நிற்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவ நிலையில் அந்நம்பிக்கை தவறன்று. 20 வாரத்தில் வெளிவரும் கரு பிழைக்கும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. இன்றும் 22 வாரத்திற்கு முன் பிறப்பது பிழைத்தல் மிக அரிது.

ஆனால் இதே நாடாளுமன்றம் 1969இல் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தை இயற்றியிருந்தது. அதில் ‘உயிர்ப்பிறப்பு’ வரையறுக்கப்பட்டுள்ளது. கருக்காலம் எத்தனை வாரமாயினும், தாயினின்று முழுமையாக வெளிவந்தபின் மூச்சுவிட்டாலோ உயிர்க்குறி வேறு எதனையேனும் காட்டினாலோ அது உயிர்ப்பிறப்பு. உலக நலவாழ்வு நிறுவனம் 1950இல் வகுத்த வரையறையின் சாயல் இதில் தெளிவு. கணக்கெடுப்பிற்காக எழுதப்பட்ட வரி இது, அறப்போருக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும் அதன் நேர்ப்பொருள் மறுக்கவியலாதது. 19ஆம் வாரத்தில் கருக்கலைப்பால் வெளிவந்து சில நிமிடம் இதயம் துடிக்கும் உடல், 1971ஆம் சட்டத்தின்படி முடிவுறுத்தப்பட்ட கருத்தரிப்பு. 1969ஆம் சட்டத்தின்படிப் பிறந்து இறந்த ஒருவர், இரு பதிவேடுகளில் எழுதப்பட வேண்டியவர். இரண்டாண்டு இடைவெளியில் பிறந்த இரு சட்டங்கள் ஒன்றையொன்று நோக்கவே இல்லை.

சொத்துரிமைச் சட்டம் இதனினும் முற்பட்ட தெளிவு உடையது என்பது ஒரு முரண்சுவை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 20ஆம் பிரிவில், உடைமையாளர் இறக்கும்போது கருவிலிருந்து பின்னர் உயிருடன் பிறக்கும் பிள்ளைக்கு, முன்பே பிறந்த பிள்ளைக்குரிய பங்கினை அளிக்கிறது. நிலம் என்று வந்தால் ‘உயிருடன் பிறத்தல்’ என்னும் சொல் உரிய இடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது!

1971ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, சட்டப்படி கருவை முடிவுறுத்தும் மருத்துவர் தண்டனைச் சட்டத்தின்கீழ் எக்குற்றமும் செய்தவராகார் என்கிறது. உயிருடன் பிறப்பதைத் தடுத்தல் என்னும் 315இன் முதற்பகுதியிலிருந்து இது அவரைக் காக்கும். பிறந்துவிட்ட பின்னரோ கருத்தரிப்பு முடிந்துவிட்டது. அதன்பின் அம்மகவினைக் கவனியாது விடுதல் இக்காப்பினுள் அடங்குமா? அடங்காது என்றே இக்கட்டுரையாளர் பனுவலை வாசிக்கிறார். 315ஆம் பிரிவும் பிறப்பிற்கு முற்பட்ட செயலையே பேசுவதால் இங்குப் பொருந்தாது. மனிதக் கொலை, கவனக்குறைவால் இறப்பு விளைவித்தல், குழந்தையைக் கைவிடல் ஆகிய பொதுப்பிரிவுகளே எஞ்சுகின்றன. ஆக, பாதுகாப்பு இல்லை என்பதன்று நிலை. இருக்கிறது, ஆனால் எவரும் அதனைப் பெயர்சொல்லி அழைக்கவில்லை.

அமெரிக்காவின் உரத்த விவாதம்

இதே வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருங்குரலில் பேசப்பட்டது. 1982இல் இந்தியானா மாநிலத்தில் டவுன் குறைபாட்டுடனும் உணவுக்குழல் அடைப்புடனும் பிறந்த ஆண்மகவிற்கு அறுவை செய்யப் பெற்றோர் இசையவில்லை; நீதிமன்றங்கள் தலையிடவில்லை; மகவு ஆறு நாளில் இறந்தது. அது கருக்கலைப்பு வழக்கன்று. ஆயினும் பிறந்த மகவிற்குச் சிகிச்சை மறுக்கப் பெற்றோர்க்கு உரிமை உண்டா என்னும் வினாவை அது திறந்தது; 1984இல் குழந்தை வன்முறைச் சட்டத்தின் திருத்தம் வந்தது. 2002 ஆகஸ்டு 5ஆம் நாள் அதிபர் ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட சட்டம், வளர்ச்சியின் எந்நிலையிலாயினும் வெளிவந்தபின் மூச்சு, இதயத்துடிப்பு, தொப்புள்கொடித் துடிப்பு, தசையின் இயக்கம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பின், பிறப்பு கருக்கலைப்பால் நேர்ந்திருப்பினும், கூட்டரசுச் சட்டங்களில் வரும் ‘ஆள்’, ‘குழந்தை’ என்னும் சொற்கள் அதனையும் குறிக்கும் என்றது. உற்று நோக்கின் அது ஓர் அகராதிச் சட்டம். தண்டனை எதனையும் அது கூறவில்லை.

தண்டனை சேர்க்கும் முயற்சிகள் பின்னர்த் தொடர்ந்தன. 2019, 2020 ஆண்டுகளில் செனட் அவையில் தேவையான 60 வாக்குகள் கிட்டவில்லை. 2023 சனவரியிலும் 2025 சனவரியிலும் கீழவை முன்வடிவை ஏற்றது. 2025இல் செனட்டில் மீண்டும் தடைப்பட்டது. இருதரப்பும் சுட்டும் வழக்கு ஒன்றே என்பது வியப்பிற்குரியது. பிலடெல்பியாவில் கருக்கலைப்பு மனை நடத்திய மருத்துவர் ஒருவர், உயிருடன் பிறந்த மூன்று சிசுக்களைக் கொன்றமைக்காக 2013இல் முதல்நிலைக் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். பழைய கொலைச் சட்டமே போதும் என்பதற்கு இது சான்று என்பர் ஒரு சாரார். பல்லாண்டு எவரும் தட்டிக் கேட்கவில்லை என்பதற்கு இதுவே சான்று என்பர் மற்றவர். எதிர்ப்போர் கூறும் மற்றொரு காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மூளை வளராத கரு போன்ற நிலைகளில், பிறந்து சில மணி நேரமே வாழக்கூடிய மகவினைத் தாய் தன் மார்பில் வைத்திருக்க விரும்பும்போது, தண்டனைக்கு அஞ்சிய மருத்துவர் அதனைப் பறித்துக் குழாய்களுக்கிடையே கிடத்த நேரும் என்பது அவர்கள் அச்சம். பாதுகாப்பு என்பது எல்லா நிலையிலும் மிகுதியான சிகிச்சை என்று பொருள்படுமா? வலி தணித்து, வெப்பம் காத்து, உடனிருத்தலும் பாதுகாப்பின் வகையே அன்றோ?

அமெரிக்க விவாதம் கட்சி அரசியலின் நிழலில் நிகழ்வது. அதனை இந்தியச் சூழலுக்கு மாதிரியாகக் கொள்வதற்கில்லை. ஆனால் ‘ஆள்’ என்னும் சொல்லை வரையறுத்தல் தொடக்கம் மட்டுமே என்பதை அது காட்டுகிறது.

மும்பைத் தீர்ப்பும் அதன் பின்விளைவும்

இந்தியாவில் வினா மருத்துவமனையின் வாயிலாக வராமல் நீதிமன்றத்தின் வாயிலாக வந்தது. மீயொலிப் படப்பிடிப்பு 20ஆம் வாரத்தை ஒட்டியே பல குறைகளைக் காட்டும். சட்டமோ அந்த வாரத்துடன் கதவை அடைத்தது. 2008இல் மும்பையைச் சேர்ந்த தம்பதியர், கருவிற்கு இதயக் குறை என்று காட்டி 20 வாரம் கடந்தபின் அனுமதி கேட்டபோது உயர் நீதிமன்றம் மறுத்தது. 2016 முதல் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் மருத்துவக் குழுவின் கருத்தைப் பெற்று ஒவ்வொரு வழக்காக அனுமதிக்கத் தொடங்கின. 24, 26, 28 வாரங்களில் கருக்கலைப்பு என்றபோது, மகவு உயிருடன் வெளிவருதல் விபத்து என்னும் நிலை மாறி எதிர்பார்க்கத்தக்கது ஆயிற்று.

2019 ஏப்ரல் 3ஆம் நாள் மும்பை உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் ஏ.எஸ். ஓகா, எம்.எஸ். சோனக் ஆகியோர் அளித்த தீர்ப்பு இவ்விடத்தில் ஒரு மைல்கல். கலைப்பு முயற்சியையும் மீறி மகவு உயிருடன் பிறந்தால், அச்சூழலில் கிட்டக்கூடிய சிறந்த மருத்துவத்தை அதற்கு அளிக்கும் முழுப்பொறுப்பு மருத்துவரையும் மருத்துவமனையையும் சாரும். பெற்றோர் ஏற்க விரும்பாவிடினும் இயலாவிடினும் அரசும் அதன் அமைப்புகளும் அம்மகவின் முழுப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்று அது வகுத்தது. இதனுள் இரு கூறுகள் உள்ளன. மகவிற்கு உரிமை உண்டு என்பது ஒன்று. அவ்வுரிமையின் சுமையைத் தாயின்மீது திருப்பி ஏற்றலாகாது என்பது மற்றொன்று. இரண்டாவதே இத்தீர்ப்பின் பெருமை என்பேன். 1863இல் ஒரு தனி இல்லம் செய்ததை இப்போது அரசு செய்ய வேண்டும் என்றாகிறது. தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்திலும் அரசு இத்தகைய பொறுப்பை ஏற்றிருந்தது. அது வேறு காரணத்திற்காக, பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்தது. 2022இல் கேரள உயர் நீதிமன்றம் 15 வயதுச் சிறுமி ஒருத்தியின் 24 வாரக் கருவைக் கலைக்க அனுமதித்தபோதும், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குசராத்தைச் சேர்ந்த பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு அனுமதி அளித்தபோதும் இதே நெறி பின்பற்றப்பட்டது: மகவு உயிருடன் இருப்பின் இன்குபேட்டர் உட்பட எல்லா உதவியும், பின்னர்ச் சட்டப்படித் தத்து.

அந்தக் குசராத்து வழக்கில் உயர் நீதிமன்றம் இடையில் பன்னிரண்டு நாள் தள்ளிவைத்ததும், அதனை உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் இங்குக் கருதத்தக்கன. 27 வாரக் கருவிற்குப் பன்னிரண்டு நாள் என்பது சிறிய காலமன்று. உயிருடன் பிறக்கும் மகவு என்னும் சிக்கலில் ஒரு பகுதி, நீதிமன்றப் படிகளிலேயே உருவாக்கப்படுவது. எட்டாம் வாரத்தில் அச்சத்தால் வாய் திறவாத சிறுமி, இருபதாம் வாரத்தில் கண்டறியப்பட்டு, காவல் நிலையம், மருத்துவக் குழு, மனு என்று கடந்து தீர்ப்பைப் பெறும்போது, கரு கருப்பைக்கு வெளியே வாழும் திறன் பெற்றுவிடுகிறது. அதன்பின் அத்திறனே அவளுக்கு எதிரான சான்றாகிறது. 2023 சூனில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 15 வயதுச் சிறுமியின் 28 வாரக் கருவைக் கலைக்க மறுத்தது இத்தடத்தில்தான்: எவ்வாறாயினும் மகவு உயிருடன்தான் பிறக்கும், ஆயின் நிறைமாதத்தில் நலமாகப் பிறக்கட்டுமே என்பது அதன் வாதம். மகவைக் காக்க எழுந்த நெறி அனுமதியை மறுக்கும் காரணமாகத் திரும்பிவிட்டது.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நிகழ்ந்தது இச்சிக்கலை முழுமையாக வெளிப்படுத்தியது. மகப்பேற்றிற்குப் பிந்திய மனநோயால் அவதியுற்ற, இரு குழந்தைகளின் தாயான பெண்ணுக்கு, 26 வாரக் கருவைக் கலைக்க அக்டோபர் 9ஆம் நாள் இரு நீதிபதிகள் அனுமதித்தனர். மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் எழுதிய மடல் வழக்கைத் திருப்பியது. கருவின் இதயத்தை முதலில் நிறுத்துவதா, நிறுத்தாவிடில் நிகழ்வது கருக்கலைப்பன்று, குறைமாதப் பேறே ஆகும், அம்மகவு உயிருடன் பிறந்து நெடுங்காலக் குறைபாடுகளுடன் வாழ நேரலாம் என்பது அதன் சாரம். 11ஆம் நாள் அந்த இரு நீதிபதிகளும் மாறுபட்டனர். 16ஆம் நாள் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அனுமதியைத் திரும்பப் பெற்றது. பேற்றுச் செலவை அரசு ஏற்கவும், பெற்றோர் விரும்பினால் தத்தளிக்கவும் வழிசெய்தது.

அம்மருத்துவரின் மடலை மூன்று முறை வாசித்தேன். அதில் வாதம் இல்லை, அறிவுரை இல்லை. தம் கையால் செய்யப்போவது எது என்று ஒருவர் கேட்கிறார். பிற்பட்ட வாரங்களில் பொட்டாசியம் குளோரைடைக் கருவின் இதயத்தில் செலுத்தி அதனை நிறுத்திய பின்னர்ப் பேற்றைத் தூண்டுவது மருத்துவத்தில் அறியப்பட்ட முறை. அறநோக்கில் இதன் விந்தையை மறைக்க முடியாது. பிறந்த மகவிற்குச் சட்டம் எத்துணை உறுதியாகப் பாதுகாப்பு அளிக்கிறதோ, அத்துணை உறுதியாக அது உயிருடன் பிறவாதபடிப் பார்த்துக்கொள்ளும் தேவையும் வளர்கிறது. ஊசியின் இப்புறமும் அப்புறமும் இருப்பது ஒரே உடல். கடும் குறைகளுடைய கருவில் இதனை இரக்கம் என்று கூறுவோரின் வாதத்தை இக்கட்டுரையாளர் ஏற்கிறார். நலமுள்ள 29 வாரக் கருவில் இதே சொல் தடுமாறுகிறது. அங்கே பெண்ணின் உரிமை கருத்தரிப்பை முடிப்பதற்கா, உயிரை முடிப்பதற்கா என்னும் வினாவிலிருந்து தப்ப வழியில்லை. முதலாவது என்றே கொள்ள வேண்டும் எனத் தோன்றுகிறது. ஆனால் அவ்வாறு கொள்வோர், குறைமாதத்தில் பிறந்த மகவின் வாழ்நாள் முழுமைக்குமான பொறுப்பை அரசு மெய்யாகவே ஏற்கிறதா என்று கேட்கும் கடமையிலிருந்து தப்ப முடியாது. தீர்ப்பில் எழுதப்பட்ட ‘முழுப்பொறுப்பு’ மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு படுக்கையாகவும் செவிலியராகவும் மாற வேண்டும்.

புறநானூற்றின் 74ஆம் பாடல் ஈண்டு நினைவிற்கு வருகிறது. செத்துப் பிறந்த மகவையும் உருவமற்ற தசைப் பிண்டத்தையும் ‘ஆள் அன்று’ எனத் தள்ளாது வாளால் கீறிப் புதைக்கும் மறக்குடி வழக்கினைச் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் அப்பாடல் கூறுகிறது. மூச்சே விடாத ஒன்றிற்கு மக்கட்டன்மை அளித்த அச்சமூகம் அதனை வீரத்தின் பெயரால் அளித்தது. அம்மகவின் நலன் அங்கு வினாவே அன்று. ‘ஆள்’ என ஒன்றை அழைத்தல் வேறு, அதனைக் காத்தல் வேறு என்பதற்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் வன்கொடுமைக்கு ஆளானோர், சிறுமியர் முதலிய பிரிவினர்க்குக் காலவரையறையை 24 வாரமாக்கியது. கருவில் கடும் குறை இருப்பின் மருத்துவக் குழுவின் முடிவின்படி வரையறையே இல்லை என்றது. மும்பைத் தீர்ப்பு வந்து ஈராண்டு கடந்திருந்தும், உயிருடன் பிறக்கும் மகவு பற்றி அத்திருத்தத்தில் ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. 2024 சூலை முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்கிதை வந்தது. 299ஆம் பிரிவின் மூன்றாம் விளக்கம் 100ஆம் பிரிவிற்கும், 315ஆம் பிரிவு 91ஆம் பிரிவிற்கும் சென்றன, எண்கள் மாறின. ‘எந்த உறுப்பேனும் வெளிப்பட்டிருப்பின்’ என்னும் 1860ஆம் ஆண்டின் கருத்து அப்படியே உள்ளது. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2024 ஏப்ரல் 22ஆம் நாள், மகாராட்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமியின் ஏறத்தாழ 30 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பெற்றோர் தம் மகளின் உயிருக்கு அஞ்சி மனம் மாறியதையடுத்து, 29ஆம் நாள் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.